வேகமான படகில் வாழ்வதுதான் கடினம்: 64 நாள், 236 நாள் பந்தயங்களுக்குள் நடப்பது என்ன?

2025 ஜனவரி 14ஆம் தேதி, பிரான்ஸ் நாட்டின் சார்லி டாலின் தனியொருவராக உலகைச் சுற்றிவிட்டு லே சாப்ல் தொலோன் துறைமுகத்துக்குத் திரும்பினார். புறப்பட்டு 64 நாளும் 19 மணி நேரமும் ஆகியிருந்தன. அதே துறைமுகத்தில் 2023 ஏப்ரல் 29ஆம் தேதி வந்து சேர்ந்தவர், இந்தியக் கடற்படையில் பணியாற்றிய அபிலாஷ் டோமி. அவருக்கு 236 நாள் பிடித்தது. இருவரும் தனி ஆள். இருவரும் வழியில் எந்தத் துறைமுகத்திலும் ஒதுங்கவில்லை. சுற்றிவந்த முனைகளும் ஒன்றே. போதாக்குறைக்கு, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபாவும் கேரளத்தின் தில்னாவும் 'தாரிணி' என்ற பாய்மரப் படகில் உலகைச் சுற்றி, ஏறத்தாழ எட்டு மாதம் கழித்து 2025 மே மாத இறுதியில் கோவா வந்தடைந்தார்கள்.

செய்திகளை அடுத்தடுத்துப் படித்தவர்களுக்குக் குழப்பம் வருவது இயல்பு. ஒரே உலகம், ஒரே கடல். ஒருவருக்கு இரண்டு மாதம், இன்னொருவருக்கு எட்டு மாதமா? அப்படியானால் எட்டு மாதம் கடலில் கிடந்தவர்தானே அதிகம் துன்பப்பட்டிருப்பார்? இரண்டாவது கேள்விக்கான பதில் நாம் எதிர்பார்ப்பதற்கு மாறாக இருக்கிறது. அன்றாட வாழ்க்கை என்று பார்த்தால், வேகமான படகில் கழியும் ஒரு நாள்தான் உடலை அதிகம் வருத்துகிறது. மெதுவான படகின் ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது.

எது பந்தயம், எது பயணம்?

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்வோம்.

1. வாந்தே குளோப். 1989இல் தொடங்கி, இப்போது நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடப்பது. ஒரு படகு, ஓர் ஆள். இடையில் நிற்கக் கூடாது, வெளியாரின் கை படகில் படக் கூடாது. எந்தக் காற்றைப் பிடித்து எந்த வழியில் போவது என்று கரையிலிருந்து யாரும் சொல்லித்தரவும் கூடாது. நங்கூரம் போட்டுத் தானே பழுது பார்த்துக்கொள்ளலாம். படகுகள் 60 அடி நீளமுள்ள, கார்பன் இழையால் ஆன 'இமோகா' வகை. டாலின் வென்றது இந்தப் பந்தயத்தின் 2024ஆம் ஆண்டுப் பதிப்பை. 40 பேர் கிளம்பினார்கள்.

2. கோல்டன் குளோப். 1968இல் ஒன்பது பேர் தொடங்கி, ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் ஒருவர் மட்டும் 312 நாளில் முடித்த பந்தயம். அவருடைய 32 அடி 'சுஹைலி' பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்டது என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. ஐம்பதாம் ஆண்டையொட்டி 2018இல் இந்தப் பந்தயத்துக்கு மறுபிறவி கிடைத்தது. விதி இதுதான்: 1968இல் இருந்த வசதிகளை ஒட்டியே போக வேண்டும். 32 முதல் 36 அடி வரையிலான, 1988க்கு முன் வடிவமைத்த படகு, ஜி.பி.எஸ். கிடையாது, சூரியனையும் விண்மீன்களையும் செக்ஸ்டன்ட் கருவியால் அளந்து இருக்குமிடத்தைக் கணக்கிட வேண்டும். ஆபத்துக்கென்று முத்திரையிட்ட ஜி.பி.எஸ். ஒன்று படகில் இருக்கும். டோமியின் 236 நாள் இந்தப் பந்தயத்தின் 2022ஆம் ஆண்டுப் பதிப்பில். 16 பேர் கிளம்பி, இடைநிற்காமல் முடித்தவர்கள் மூவர்தான். முதலிடம் தென்னாப்பிரிக்காவின் கர்ஸ்டன் நாய்ஷேஃபருக்கு, டோமி இரண்டாவது.

3. ஓஷன் ரேஸ். 1973இல் 'விட்பிரெட்' என்ற பெயரில் தொடங்கியது. இதில் தனி ஆள் இல்லை, குழு. ஒவ்வொரு கட்டமாகத் துறைமுகங்களில் நின்று போவார்கள். 2008 டிசம்பரில் கொச்சிக்கு வந்து, இலங்கையின் தென்முனையைச் சுற்றிச் சிங்கப்பூர் போனது இந்தப் பந்தயம்தான்.

தாரிணி பயணம் பந்தயமே அல்ல. இரண்டு அதிகாரிகள், 56 அடிப் படகு, நான்கு துறைமுகங்களில் நிறுத்தம். ஆகவே அந்த எட்டு மாதத்தை மற்ற இரண்டு கணக்கோடும் ஒப்பிடுவதில் பொருளில்லை.

இரண்டு அளவுகளையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். மணிக்கு ஒரு கடல் மைல் வேகம் ஒரு நாட்.

பாதை எளிதில் புரியக்கூடியது. அட்லாண்டிக்கில் தெற்கே இறங்கி, நன்னம்பிக்கை முனை தாண்டியதும் கிழக்கே திரும்பி, ஆஸ்திரேலியாவின் லீவின் முனைக்கும் தென் அமெரிக்காவின் ஹார்ன் முனைக்கும் தெற்காக ஓடி, மறுபடியும் அட்லாண்டிக்கில் ஏறுவது. தெற்கில் 40, 50 பாகை அட்சரேகைகளில் மேலைக்காற்று அண்டார்டிகாவைச் சுற்றிச் சுற்றி வீசுகிறது. தடுக்க நிலமே இல்லை. அந்தக் காற்று முதுகில் இருக்க வேண்டுமென்பதால்தான் எல்லாரும் மேற்கிலிருந்து கிழக்கே போகிறார்கள். வாந்தே குளோபின் வரைபடத் தூரம் சுமார் 24,000 கடல் மைல். காற்றைத் தேடி வளைந்து போவதால் உண்மையில் ஓடுவது அதைவிட அதிகம்.

வேகம் எங்கிருந்து வருகிறது?

டோமி ஓட்டியது போன்ற படகு தண்ணீரை ஒதுக்கிக்கொண்டு போகிறது. படகின் அடியில் நீளவாக்கில் ஓடும் ஏராவும் அதன் பின்விளிம்பிலேயே பொருத்திய சுக்கானும் கனமானவை, உறுதியானவை. எவ்வளவு காற்று அடித்தாலும் தன் நீளத்துக்கு ஏற்ற வேகத்துக்கு மேல் அது போகாது. உலகைச் சுற்றிய சராசரி மணிக்கு ஐந்து கடல் மைல் அளவில்தான் வரும்.

இமோகா தண்ணீரைவிட்டே எழும்புகிறது. இரு பக்கமும் வளைந்து நீளும் 'ஃபாயில்' என்ற சிறகுகள், விமான இறக்கை காற்றில் செய்கிற வேலையைத் தண்ணீரில் செய்கின்றன. வேகம் கூடக்கூட அவை படகின் உடலை மேலே தூக்கிவிடுகின்றன. தண்ணீரின் உராய்வு குறைகிறது. வேகம் மேலும் கூடுகிறது. 30 நாட் தொடுவது இப்போது அதிசயமில்லை. டாலினின் சராசரி 17 நாட் வேகத்தைத் தாண்டியது. ஒரே நாளில் 600 கடல் மைலுக்கு மேல் ஓடும் படகுகள் இவை.

இதற்கான விலையைப் படகில் இருப்பவர் கொடுக்கிறார்.

அந்த வேகம் உடலுக்குச் செய்வது

ஃபாயிலில் எழுந்து பறக்கும் படகு முன்னால் போகும் அலையை எட்டிப் பிடித்து, அதன் முதுகில் அணியத்தை (முன்முனையை) குத்தி இறங்குகிறது. வேகம் நொடியில் பாதியாகிறது. படகு நிற்கிறது, ஆள் நிற்பதில்லை. கையில் பிடிமானம் இல்லாவிட்டால் எதிர்ச்சுவரில் போய் மோதுகிறார். விலா எலும்பு முறிவதும் முழங்கை பெயர்வதும் இப்படித்தான். தலைக்கவசம் அணிந்து படகுக்குள் நடமாடுகிறவர்கள் உண்டு. சமையல் செய்ய எழுந்து நிற்பதில்லை, உட்கார்ந்தும் தவழ்ந்துமே பெரும்பாலான வேலைகள்.

அடுத்தது ஓசை. கார்பன் உடல் ஒரு பெரிய தவில். வெளியே அலை அடிக்கிறது, மாலுமி தவிலுக்குள் உட்கார்ந்திருக்கிறார். அதோடு ஃபாயில்கள் தண்ணீரைக் கிழிக்கும் ஊளை வேகத்தோடு சேர்ந்து ஏறி இறங்கும். இரைச்சலைக் குறைக்கும் ஹெட்ஃபோன் இன்று பாய், கயிறு போல அத்தியாவசியப் பொருளாகிவிட்டது. ஆனால் அந்த ஓசையையும் முழுதாக அடைத்துவிட முடியாது. ஊளையின் சுருதி மாறினால் காற்று மாறியிருக்கிறது. புதிதாக ஒரு 'டக்' கேட்டால் எங்கோ ஏதோ கழன்றிருக்கிறது. காதைப் பொத்திக்கொண்டே காதால் படகைக் கவனிக்க வேண்டிய நிலை.

இன்னொரு மாற்றமும் நடந்திருக்கிறது. சுக்கானைப் பிடித்துக்கொண்டு உப்புநீரில் நனைந்து நிற்கும் மாலுமியின் படம் இமோகாவுக்குப் பொருந்தாது. பறக்கும் வேகத்தில் தளத்தின் மீது பாயும் தண்ணீர் ஆளை அடித்துப்போட்டுவிடும் என்பதால், பணியிடத்தைக் கூரை போட்டு மூடிவிட்டார்கள். ஏறக்குறைய எல்லா நேரமும் தானியங்கிக் கருவிதான் சுக்கானைத் திருப்புகிறது. மாலுமி கயிறுகளை இழுத்துத் தளர்த்தி, திரைகளில் எண்களைப் பார்த்து, வானிலைத் தரவுகளை வைத்து வழியைத் தானே தீர்மானிக்கிறார். சூரிய ஒளித்தகடும், படகின் ஓட்டத்தால் சுழலும் நீர்மின் உருளையும், டீசல் இயந்திரமும் அந்தக் கருவிகளுக்கு மின்சாரம் தருகின்றன. மின்சாரம் போனால் சுக்கானைத் திருப்ப ஆளில்லை, தூங்கவும் வழியில்லை.

கோல்டன் குளோப் படகில் சுக்கானைத் திருப்புவது காற்றின் விசையிலேயே இயங்கும் ஒரு தகடு. மின்சாரம் வேண்டாம். படகு சாய்ந்தும் எழுந்தும் போகிறது, ஆனால் அந்த அசைவுக்கு உடல் பழகிவிடும். புத்தகம் படிக்கலாம், அடுப்பைப் பற்றவைத்துச் சோறு பொங்கலாம்.

மெதுவான படகின் ஆபத்து

அப்படியானால் மெதுவான படகே மேல் என்று முடிவுகட்டிவிட முடியாது. வேகம் ஒரு பாதுகாப்பும்கூட. புயல் வருவது தெரிந்தால் இமோகா அதன் முன்னால் ஓடிவிடலாம், அல்லது கடக்கவிட்டுப் பின்னால் போகலாம். மணிக்கு ஐந்து கடல் மைல் போகும் படகுக்கு அந்த வாய்ப்பில்லை. புயல் வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

2018இல் டோமிக்கு நேர்ந்தது அதுதான். அந்த ஆண்டு அவர் ஓட்டியது சுஹைலியின் வடிவத்தில் கோவாவில் கட்டிய 'துரியா'. செப்டம்பர் 21 அன்று தென் இந்தியப் பெருங்கடலில் புயல் படகை உருட்டியெடுத்தது, பாய்மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டு அவரால் எழ முடியவில்லை. படுத்த இடத்திலிருந்தே செய்தி அனுப்பினார். மொரீஷியஸிலிருந்து பறந்த இந்தியக் கடற்படையின் பி-8ஐ விமானம் படகைக் கண்டது. அந்த விமானப் பிரிவின் தளம் நம் அரக்கோணத்தில் இருக்கும் ஐ.என்.எஸ். ராஜாளி. மூன்று நாள் கழித்து பிரான்ஸின் மீன்வளக் கண்காணிப்புக் கப்பலான 'ஒசிரிஸ்' வந்து தூக்கிச் சென்றது. முதுகில் டைட்டானியம் பொருத்திய அதே மனிதர்தான் நான்கே ஆண்டில் மறுபடியும் கிளம்பி 236 நாள் ஓட்டி முடித்தார். எண்ணை மட்டும் பார்த்து 'மெதுவாக வந்தவர்' என்று அவரைக் கடந்துபோவது பெரும் அநீதி.

எட்டு மாதத்துக்கே உரிய இன்னொரு எதிரி, நம் கடலோரத்தில் எல்லாருக்கும் தெரிந்த கொட்டலசு, ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிரி. மெதுவாகப் போகும் படகின் அடியில் அது கொத்துக்கொத்தாய்ப் பற்றிக்கொள்கிறது. 2018 பந்தயத்தில் ஃபின்லாந்தின் தாபியோ லெஹ்தினனின் படகு அதனாலேயே நகர மாட்டாமல் நகர்ந்து, 322 நாளில் வந்து சேர்ந்தது. நடுக்கடலில் படகை நிறுத்தி, நீருக்குள் மூழ்கிச் சுரண்டுவதும் இந்தப் பந்தயத்தில் வழக்கமான வேலை.

தூக்கம்: பந்தயம் தீர்மானமாகும் இடம்

தனி ஆள் பந்தயத்தில் காற்றுக்கு அடுத்தபடியாக முடிவை நிர்ணயிப்பது தூக்கம் என்பேன். படகு 24 மணி நேரமும் ஓடுகிறது. முழுத் தூக்கம் போட்டால் அந்த நேரத்தில் காற்று மாறி, பாய் கிழிந்து, வழி தவறலாம். தூங்காமலே இருந்தால் இரண்டு மூன்று நாளில் இல்லாத குரல்கள் கேட்கத் தொடங்கும். படகில் இன்னொருவர் இருப்பதாகத் தோன்றும். பல மாலுமிகள் இதைச் சொல்லியிருக்கிறார்கள்.

இடைப்பட்ட வழி, தூக்கத்தைத் துண்டுபோடுவது. 2000-01 வாந்தே குளோபில் 94 நாளில் இரண்டாவதாக வந்த எல்லன் மெக்கார்தர் இதற்கு நல்ல சான்று. தூக்க ஆய்வாளர் கிளாடியோ ஸ்டாம்பியின் வழிகாட்டுதலோடு போன அவர், மொத்தம் 891 முறை தூங்கினார். ஒவ்வொன்றும் சராசரியாக 36 நிமிடம். கூட்டினால் ஒரு நாளைக்கு ஐந்தே முக்கால் மணி நேரம்கூட வராது.

20, 30 நிமிடத் தூக்கத்துக்குக் காரணம் உண்டு. அதற்கு மேல் போனால் உடல் ஆழ்ந்த உறக்கத்துக்குள் இறங்கிவிடும்; அங்கிருந்து எழுப்பப்பட்டவருக்குச் சில நிமிடங்கள் கையும் புத்தியும் ஒத்துழைக்காது. அலாரம் அடித்தவுடன் பாயைச் சுருக்க வேண்டிய ஒருவருக்கு அந்தச் சில நிமிடம் அதிகம். அதேவேளை ஆழ்ந்த உறக்கம் அறவே இல்லாமலும் உடல் தாங்காது. எனவே கப்பல் நடமாட்டமில்லாத தென்கடலில் கொஞ்சம் நீளமாகவும், கரையோரத்தில் மிகக் குறுகலாகவும் தூங்குகிறார்கள்.

அது தவறினால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு நிகழ்ச்சிகள் போதும். 2018 நவம்பரில், அட்லாண்டிக்கைக் கடக்கும் 'ரூட் து ரும்' பந்தயத்தில் பிரிட்டனின் அலெக்ஸ் தாம்சன் தன் பிரிவில் முதலிடத்தில் வந்துகொண்டிருந்தார். குவாதலூப் தீவு, பந்தய முடிவு, கண்ணுக்கெட்டும் தூரம். கையில் கட்டியிருந்த, மின்னதிர்ச்சி தந்து எழுப்பும் கடிகாரத்தில் பேட்டரி தீர்ந்திருந்தது. அவர் எழவில்லை, படகு பாறையில் மோதியது. விடுபட இயந்திரத்தை இயக்கியதற்கு 24 மணி நேரம் தண்டனை விழுந்து மூன்றாமிடத்துக்கு இறங்கினார். 2021 ஜனவரியில் ஜெர்மனியின் போரிஸ் ஹெர்மன் வாந்தே குளோப் முடிய சுமார் 90 கடல் மைல் இருக்கையில் ஒரு மீன்பிடிக் கப்பலில் மோதினார். எச்சரிக்கைக் கருவிகள் இருந்தும் அவர் தூங்கிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் எதுவும் ஒலிக்கவில்லை. ஐந்தாவதாக முடித்தார். இரண்டு விபத்தும் கரையை நெருங்கியபோது நடந்தவை. ஆபத்து மிகுந்த தென்கடலைத் தாண்டிவிட்டவர்களும் கடைசி இரவில் சறுக்குவது, அதுவரை சேர்ந்த தூக்கக் கடனால்தான்.

குழுப் பந்தயத்தில் நான்கு மணி நேரம் வேலை, நான்கு மணி நேரம் ஓய்வு என்று முறை வைத்துக்கொள்வார்கள். ஒருவர் எழுந்த படுக்கையில் சூடு ஆறுமுன் அடுத்தவர் படுக்கிறார். காற்றின் பக்கம் மாறும்போதெல்லாம் பாய்மூட்டை, உணவுப்பை எல்லாவற்றையும் படகின் மறுபக்கம் தூக்கிப்போட வேண்டும்; அப்போது ஓய்வு முறை கணக்கில் வராது.

சாப்பாடு, தண்ணீர், கழிப்பறை

எல்லாவற்றையும் தீர்மானிப்பது எடை. இமோகாவில் குடிநீரைச் சுமந்து போவதில்லை; கடல்நீரை அழுத்தத்தில் வடிகட்டி நன்னீராக்கும் கருவி இருக்கும், அது பழுதானால் கையால் இயக்கும் சிறு பம்பு. உணவும் அப்படியே: உறைய வைத்து ஈரம் நீக்கிய பொடி, அதில் வெந்நீர். நாள்வாரியாகப் பைகளில் பிரித்து வைத்திருப்பார்கள். முதல் வாரம் பழம் இருக்கும், அவ்வளவுதான். கழிப்பறை என்பது ஒரு வாளி.

கோல்டன் குளோப் படகில் எடையைப் பற்றிக் கவலை குறைவு. டின் உணவும் அரிசியும் ஏற்றலாம். ஆனால் எட்டு மாதத் தண்ணீரை ஏற்ற முடியாது. தொட்டியில் இருப்பதைச் சிக்கனமாகச் செலவிட்டு, மழை பெய்யும்போது பாயில் வழிகிற நீரைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மழையில்லாத வாரங்களில் வானத்தைப் பார்த்தபடி குவளைக் கணக்கில் குடிப்பார்கள்.

மருத்துவரும் இல்லை, ஆம்புலன்ஸும் இல்லை

வெளியுதவி கூடாது என்ற விதிக்கு மருத்துவ ஆலோசனை விலக்கு. 1993இல் வாந்தே குளோபில் கயிறு தாக்கி நாக்கு கிழிந்த பெர்த்ரான் து புரோக், பந்தய மருத்துவர் டெலக்ஸில் அனுப்பிய குறிப்புகளைப் படித்துத் தன் நாக்கைத் தானே தைத்தார். 2008 டிசம்பரில் தொடை எலும்பு முறிந்த யான் எலியேஸ், ஆஸ்திரேலியப் போர்க்கப்பல் வரும்வரை படுத்தே கிடந்தார். சக போட்டியாளர் மார்க் கியமோ தன் பந்தயத்தை நிறுத்திவிட்டுப் பக்கத்திலேயே வட்டமிட்டுத் துணையிருந்தார். டாலினும் புற்றுநோய்க்கு மருந்து எடுத்துக்கொண்டேதான் அந்த 64 நாளை ஓட்டினார். இதை அவர் பின்னர்தான் வெளியிட்டார்.

தென்கடலின் நடுவில் கரைக் கப்பல் வந்துசேர நாள்கணக்காகும். அருகில் இருக்கும் உதவி, பெரும்பாலும் உங்களோடு போட்டியிடுகிறவர்தான். வாந்தே குளோபில் 2020 நவம்பர் 30 அன்று கெவின் எஸ்கோஃபியேயின் படகு நன்னம்பிக்கை முனைக்குத் தென்மேற்கே அலையில் புதைந்து இரண்டாக மடிந்தது. தெப்பத்தில் ஏறிய அவரை, இருட்டிலும் கொந்தளிப்பிலும் தேடி, சுமார் 11 மணி நேரம் கழித்து மீட்டவர் ழான் லெ காம். அந்த லெ காமையே 2009இல் ஹார்ன் முனையருகே கவிழ்ந்த படகிலிருந்து மீட்டது இன்னொரு போட்டியாளரான வின்சென்ட் ரியு. 2022இல் லெஹ்தினனின் படகு சில நிமிடங்களில் மூழ்கியபோது அவரைத் தெப்பத்திலிருந்து எடுத்தவர் நாய்ஷேஃபர். ஒரு சரக்குக் கப்பலில் அவரை ஏற்றிவிட்டுப் பந்தயத்தைத் தொடர்ந்து, வென்றார்.

முதலில் வந்தவர் ஏன் வெற்றியாளர் இல்லை?

2021 ஜனவரியில் பலரைத் திகைக்கவைத்த வாந்தே குளோப் முடிவு இங்கேதான் புரியும். எஸ்கோஃபியேயைத் தேடப் போனவர்கள் இழந்த நேரத்தை நடுவர் குழு கணக்கிட்டு, அவர்களுடைய மொத்த நேரத்திலிருந்து கழித்தது: லெ காமுக்கு 16 மணி 15 நிமிடம், யானிக் பெஸ்தாவனுக்கு 10 மணி 15 நிமிடம், ஹெர்மனுக்கு 6 மணி. பந்தய முடிவுக் கோட்டை முதலில் தாண்டியவர் அதே சார்லி டாலின். ஏழரை மணி நேரத்துக்கும் பின்னால் வந்த பெஸ்தாவன், கழிவுக்குப் பிறகு சுமார் இரண்டரை மணி நேர வித்தியாசத்தில் வென்றார். இதைச் சலுகை என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அது சரியான தீர்ப்பாகவே படுகிறது. உதவிக்குப் போகிறவருக்குப் பந்தயம் போய்விடும் என்ற நிலை இருந்தால், அடுத்த முறை திசைமாற்றும் கை ஒரு கணம் தயங்கும்.

நேரலை வரைபடத்தை எப்படிப் படிப்பது?

இந்தப் பந்தயங்களை இணைய வரைபடத்தில் பின்தொடர்கிறவர்கள் மூன்றைக் கவனிக்கலாம்.

1. காற்று மாறாமலே ஒரு படகு 20 நாட் வேகத்திலிருந்து 12க்கு இறங்கினால், மாலுமி பாயைச் சுருக்கிவிட்டுத் தூங்குகிறார் அல்லது எதையோ சரிசெய்கிறார் என்று கொள்ளலாம். பாய்மர உச்சிக்கு ஏறிக்கொண்டும் இருக்கலாம்.

2. தென்கடலில் படகுகள் எல்லாம் ஒரு கோட்டுக்கு வடக்கே மட்டும் ஓடுவது, பனிப்பாறை அபாயத்துக்காக அமைப்பாளர்கள் வகுத்த தடைப்பகுதியால்.

3. பின்தங்கிய ஒருவர் சட்டென்று திசை மாற்றினால், முதலில் அவருக்கு அருகில் இருக்கும் படகு எது, அது அவரை நோக்கி உதவிக்கு நகர்கிறதா என்று பாருங்கள்.